சாளையில் நெட் வருகிறது, பிரிட்ஜ் ரூட்டரின் பக்கம் திறக்கவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் ரோட்டோரத்து வீட்டோடு நின்றுவிடுகிறது. தென்னந்தோப்பைத் தாண்டியிருக்கும் சாளைக்கோ (தோட்டத்து வீட்டுக்கோ), கோழிப்பண்ணையின் கேமராவுக்கோ, தறிக்குடோனின் அலுவலக அறைக்கோ இணையம் வேண்டுமென்றால் லேன் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது; அதற்குள் இழுத்தாலும் எலி கடிப்பதும் உழவு ஓட்டும்போது அறுபடுவதும் வாடிக்கை. அதனால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டர் ஒன்றை வயர்லெஸ் பிரிட்ஜாக மாற்றி, முதன்மை ரூட்டரின் வைஃபையைப் பிடித்துச் சாளைக்குள் லேன் வழியாகக் கொடுக்கும் ஏற்பாடு பரவலாக இருக்கிறது. ஒருமுறை அமைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடிய ஏற்பாடுதான் இது. ஆனால் கடவுச்சொல்லை மாற்றவோ, வைஃபை சேனலைப் பார்க்கவோ அந்தப் பிரிட்ஜின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கப் போகும் நாளில், பலருக்கும் அது திறப்பதில்லை. "மாமா, டிவி நல்லாத்தானுங்க ஓடுது, அந்தப் பக்கந்தான் தொறக்க மாட்டேங்குது" என்று சாளையிலிருந்து போன் வருவது இந்த நிலையில்தான்.

பிரிட்ஜ் ஒன்று தன் வேலையைச் செய்வதற்குத் தனக்கென ஓர் ஐ.பி. முகவரியே (192.168.1.2 போன்ற எண் முகவரி) தேவையில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பக்கம் வரும் தரவை மறு பக்கம் கடத்துவது அடிப்படையில் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் பதிக்கப்படும் அடையாள எண்) வைத்து நடக்கிறது, பிரிட்ஜின் சொந்த ஐ.பி. முகவரி, அதை நிர்வகிக்க வரும் மனிதருக்காக மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் பாய்வதற்கும், மதகுக்குப் போகும் தடம் நமக்குத் தெரிந்திருப்பதற்கும் தொடர்பில்லாததைப் போன்றது இது. ஆகவே நெட் வந்துகொண்டிருக்கும்போது பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால் பிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. அதன் முகவரிக்குப் போகும் வழியை நாம் இழந்திருக்கிறோம் என்றுதான் பொருள். ரீசெட் பொத்தானில் குண்டூசியை வைப்பதற்கு முன் கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பார்ப்பது நல்லது.

அறிகுறி: முகவரியை அடித்தால் முதன்மை ரூட்டரின் பக்கமே வருகிறது

இரண்டு ரூட்டர்களுக்கும் ஒரே முகவரி இருக்கிறது. டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா ஆகியவற்றின் வீட்டு ரூட்டர்கள் பலவும் 192.168.0.1 என்ற முகவரியோடு வருகின்றன. நெட்கியர், லிங்க்சிஸ் ரூட்டர்களும் ஃபைபர் பெட்டிகளில் பலவும் 192.168.1.1 என்ற முகவரியோடு வருகின்றன. பிரிட்ஜாக மாற்றும்போது இந்த முகவரியை மாற்ற மறந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு நெட் விட்டுவிட்டு வருவது இதன் கூடப்பிறந்த அறிகுறியாகும். கணினி "192.168.1.1 யார்?" என்று கேட்கும்போது ஒரு சமயம் முதன்மை ரூட்டரும் ஒரு சமயம் பிரிட்ஜும் பதில் சொல்லும், பிரிட்ஜின் பதிலைக் கணினி நம்பிவிட்ட நேரத்தில் வெளியே போக வேண்டிய தரவு பிரிட்ஜிலேயே முடங்கிவிடும்.

இதைச் சரிசெய்ய முதன்மை ரூட்டரின் வைஃபையைச் சில நிமிடங்கள் அணைத்து வையுங்கள். மடிக்கணினியின் வைஃபையையும் அணைத்துவிட்டு, லேன் கேபிளால் பிரிட்ஜோடு நேரடியாக இணையுங்கள். பிரிட்ஜில் டி.எச்.சி.பி. (சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் சேவை) அணைக்கப்பட்டிருந்தால் கணினிக்குத் தானாக முகவரி கிடைக்காது. அடுத்த பகுதியில் சொல்லியிருப்பதுபோல் கையால் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். பக்கம் திறந்ததும் லேன் பகுதியில் பிரிட்ஜின் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் மாற்றுங்கள். அந்த எண், முதன்மை ரூட்டர் பிற சாதனங்களுக்கு வழங்கும் டி.எச்.சி.பி. வரம்புக்குள் வராமல் இருக்க வேண்டும். வரம்பு 100 இலிருந்து தொடங்கினால் 2 பாதுகாப்பானது. 2 இலிருந்தே தொடங்கினால் முதலில் வரம்பைச் சுருக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: நெட் ஓடுகிறது, நிர்வாகப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது

அடிக்கடி வருவது இதுதான் என்பதாலும், தேவையில்லாத ரீசெட்டுக்கு ஆளாவதும் இதுதான் என்பதாலும் சற்று விரிவாகப் பார்ப்போம். பிரிட்ஜின் முகவரி ஒரு தொடரிலும் (முகவரியின் முதல் மூன்று எண்கள்) மற்ற எல்லாம் வேறொரு தொடரிலும் இருப்பதே காரணம். இணைய நிறுவனத்தை மாற்றியபோதோ, கேபிள்காரர் புதுப் பெட்டி கொண்டுவந்து மாட்டியபோதோ இது நேர்ந்திருக்கும். பழைய பெட்டி 192.168.1.1 ஆக இருந்திருக்கும், புதியது 192.168.29.1 ஆகவோ 192.168.100.1 ஆகவோ இருக்கும். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்துவிட்டால் பிரிட்ஜ் புதுப் பெட்டியோடு தானாக ஒட்டிக்கொள்ளும். பின்னால் இருக்கும் டிவியும் கேமராவும் புதுப் பெட்டியிடமிருந்து புது முகவரி வாங்கிக்கொண்டு ஓடும். பிரிட்ஜ் மட்டும், யாரோ என்றைக்கோ கையால் எழுதிவைத்த 192.168.1.2 என்ற முகவரியோடு தனியே நிற்கும்.

உங்கள் கணினியின் முகவரி 192.168.29.35 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 192.168.1.2 என்று அடித்ததும், அது தன் தொடரில் இல்லாத முகவரி என்பதால் கணினி அந்தக் கோரிக்கையை நுழைவாயிலான முதன்மை ரூட்டரிடம் கொடுத்துவிடும். அந்த ரூட்டருக்கும் அப்படியொரு தொடர் வீட்டுக்குள் இருப்பது தெரியாது. வெளியே அனுப்பப் பார்க்கும், அங்கே அது கைவிடப்படும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1996 இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணத்தின்படி தனிப்பட்ட வலையமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால் பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. பக்கத்திலேயே கையெட்டும் தூரத்தில் இருக்கும் பிரிட்ஜுக்குக் கோரிக்கை போய்ச் சேராத காரணம் இவ்வளவுதான்.

கணினியைத் தற்காலிகமாகப் பிரிட்ஜின் தொடருக்குள் கொண்டுவருவதே தீர்வு. வைஃபையை அணைத்துவிட்டு, பிரிட்ஜின் லேன் துளையில் கேபிளைச் செருகுங்கள். வெளியிணைப்புக்கான துளை பல ரூட்டர்களில் வேறு நிறத்தில் இருக்கும். அதில் செருகினால் பயனில்லாமல் போகலாம். விண்டோஸில் நெட்வொர்க் இணைப்புகள் பகுதியில் ஈத்தர்நெட்டின் பண்புகளைத் திறந்து, ஐ.பி. பதிப்பு 4 என்ற வரியில் முகவரி 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்து, நுழைவாயிலை வெறுமையாக விட்டுவிடுங்கள். கட்டளைத் திரையில் 192.168.1.2 ஐப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று சோதித்து) பாருங்கள். பதில் வந்தால் உலாவியில் பக்கம் திறக்கும். அங்கே பிரிட்ஜின் முகவரியைப் புதிய தொடருக்கு, அதாவது 192.168.29.2 என்று மாற்றி, நுழைவாயில் 192.168.29.1 என்று கொடுத்துச் சேமியுங்கள்.

சேமித்தவுடன் திரை உறைந்ததுபோல் நிற்கும். பலர் பதறுவது இந்த இடத்தில்தான். பிரிட்ஜ் புது முகவரிக்குப் போய்விட்டது, கணினி இன்னும் பழைய தொடரிலேயே இருக்கிறது என்பதால் பக்கம் நின்றுபோவது இயல்பானது. வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம். மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தாமல், ரூட்டரின் மின்சாரத்தையும் துண்டிக்காமல், ஒரு நிமிடம் பொறுத்திருந்து கணினியின் முகவரி அமைப்பைத் "தானாகப் பெறுக" என்பதற்குத் திருப்பிவிட்டுப் புது முகவரியை அடித்துப் பாருங்கள்.

நுழைவாயில் முகவரியைத் தவறாகக் கொடுத்தாலோ விட்டுவிட்டாலோ நெட்டுக்குக் குறை ஒன்றும் வராது. ஆனால் பிரிட்ஜால் தானாக இணையத்துக்குப் போய் நேரம் பார்க்க முடியாது. ரூட்டரின் பதிவேட்டில் நேரம் பல ஆண்டுகள் பின்தங்கிக் காட்டினால் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அறிகுறி: பிரிட்ஜின் முகவரி என்னவென்றே தெரியவில்லை

ரூட்டரைக் கவிழ்த்து அடியிலுள்ள ஒட்டுத்தாளைப் பாருங்கள். அதில் இருக்கும் ஐ.பி. முகவரி தொழிற்சாலையிலிருந்து வந்தது. இப்போது அதுதான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் மேக் முகவரி மாறாது, அதுதான் நமக்கு வேண்டியது. அதைக் குறித்துக்கொண்டு முதன்மை ரூட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் தேடுங்கள். ஒரே ரூட்டரில் லேனுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனி மேக் முகவரிகள் இருக்கும் என்பதால், ஒட்டுத்தாளில் உள்ளதற்கும் பட்டியலில் உள்ளதற்கும் ஓரிரு இலக்கம் மாறியிருக்கலாம். அதைக் கண்டு அது வேறு சாதனம் என்று கடந்துபோய்விடக் கூடாது.

பட்டியலைப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் படலாம்: சாளையிலிருக்கும் டிவி, கேமரா, கணினி, பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் வெவ்வேறு ஐ.பி. முகவரிகள் இருக்க, எதிரே ஒரே மேக் முகவரி நிற்கும். இது பிழையன்று. வைஃபைக்கான 802.11 தரத்தின்படி வைஃபை கருவி ஒன்று ரூட்டருக்கு அனுப்பும் சட்டகத்தில் (தரவுப் பொட்டலத்தில்) மூன்று முகவரிகளுக்கே இடம் உண்டு. அனுப்பும் கருவிதான் தரவின் மூலமும் என்று அந்த அமைப்பு எடுத்துக்கொள்கிறது. பின்னால் வேறொரு கணினி இருக்கிறது என்று சொல்ல அதில் இடமில்லை. ஆகவே சாதாரணப் பிரிட்ஜ், பின்னால் இருக்கும் எல்லாரின் தரவையும் தன் மேக் முகவரியிலேயே அனுப்பி, திரும்பி வருவதை அந்தந்தச் சாதனத்தின் ஐ.பி. முகவரி பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. ரூட்டர்களை வைஃபையால் ஒன்றோடொன்று இணைக்கும் டபிள்யூ.டி.எஸ். முறையில் நான்கு முகவரிச் சட்டகம் பயன்படுவதால் உண்மையான மேக் முகவரிகள் அப்படியே தெரியும்; ஆனால் அந்த முறை ஒரு நிறுவனத்தின் ரூட்டருக்கும் இன்னொரு நிறுவனத்தின் ரூட்டருக்கும் இடையே ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. பட்டியலில் ஒரே மேக் முகவரி பலமுறை வந்தால், அந்த ஐ.பி. முகவரிகளை ஒவ்வொன்றாக உலாவியில் அடித்துப் பார்த்துப் பிரிட்ஜுடையதைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

பட்டியலிலும் இல்லையென்றால் அதன் முகவரி கையால் கொடுக்கப்பட்டது. வழக்கமான முகவரிகளை முயன்று பாருங்கள். கம்பத்தில் மாட்டும் டிபி-லிங்க் சி.பி.இ. கருவிகள் 192.168.0.254 என்றும், யுபிகுவிட்டியின் ஏர்மேக்ஸ் கருவிகள் 192.168.1.20 என்றும், மைக்ரோடிக் ரூட்டர்கள் 192.168.88.1 என்றும் தொழிற்சாலை முகவரி கொண்டவை. அதற்கும் மசியவில்லையென்றால் மடிக்கணினியில், கேபிளில் ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, பிரிட்ஜைக் கேபிளால் கணினியோடு மட்டும் இணைத்து, பிரிட்ஜை அணைத்துப் போடுங்கள். எழுந்துவரும்போது பெரும்பாலான ரூட்டர்கள் ஏ.ஆர்.பி. செய்திகளில் ("இந்த முகவரி யார்?" என்று கேட்கும் செய்திகள்) தங்கள் முகவரியைத் தாங்களே வெளியிடும்.

அறிகுறி: சாளையிலிருந்து திறக்கிறது, வீட்டிலிருந்து திறக்கவில்லை

பிரிட்ஜ் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் பிரிட்ஜாக இல்லாமல் இருக்கலாம். பல ரூட்டர்களின் அமைப்புப் பட்டியலில் டபிள்யூ.ஐ.எஸ்.பி. என்றொரு நிலை உண்டு. அதில் ரூட்டர் முதன்மை வைஃபையை வெளியிணைப்பாக எடுத்துக்கொண்டு, சாளைக்குள் தனியாக ஒரு தொடரை உருவாக்கித் தானே முகவரி வழங்கும். நெட் குறையில்லாமல் வரும். ஆனால் வீட்டுப் பக்கம் அதற்கு வெளி உலகம். வெளி உலகத்திலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்க அதன் ஃபயர்வால் (பாதுகாப்பு அரண்) அனுமதிக்காது. சாளையிலிருக்கும் கணினியின் முகவரி வீட்டுக் கணினியின் தொடரிலிருந்து மாறுபட்டிருந்தால் இதுதான் நிலைமை. வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாததற்கும் இதுவே காரணமாக இருக்கும். உண்மையான பிரிட்ஜ் நிலை அந்த ரூட்டரில் இருந்தால் அதற்கு மாறுவதே சரி. தொலை நிர்வாகத்தைத் திறந்துவிடுவது இரண்டாம் தரத் தீர்வுதான்.

ரூட்டரில் நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற திறந்த மென்பொருளைப் போட்டிருப்பவர்கள், வைஃபை வழியாக வரும் இணைப்பு எந்த ஃபயர்வால் மண்டலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளியிணைப்பு மண்டலத்தில் இருந்தால் வீட்டுப் பக்கக் கோரிக்கைகள் மறுக்கப்படும். ரிலேடி (அந்த மென்பொருளில் பிரிட்ஜ் வேலையைச் செய்யும் நிரல்) முறையில் பிரிட்ஜ் அமைக்கும்போது அது லேன் மண்டலத்தில் இருக்க வேண்டும். ரிலேடி ஐ.பி. பதிப்பு 4 ஐ மட்டுமே கடத்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதன்மை ரூட்டரில் விருந்தினர் வைஃபையில் பிரிட்ஜ் இணைந்திருந்தாலும், சாதனங்களை ஒன்றுக்கொன்று பார்க்கவிடாத தனிமைப்படுத்தும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் பிரிட்ஜைக் காணவில்லை

பிரிட்ஜின் முகவரி டி.எச்.சி.பி. வழியாக வாங்கப்படுகிறது. சாளையிலும் வீட்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் வரும்போது, சிறிய ரூட்டர் சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து வைஃபை தர அதைவிட நேரமெடுக்கும். முகவரி கேட்டுக் கிடைக்காத பிரிட்ஜ், தன் தொழிற்சாலை முகவரிக்கே திரும்பிவிடலாம். அல்லது பின்னால் கேட்டு வேறு எண் வாங்கிக்கொள்ளலாம். கையால் நிலையான முகவரி கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். முதன்மை ரூட்டருக்கு 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். ஒன்று வைப்பதும் உதவும். தறியும் மோட்டாரும் ஓடும் லைனில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் அடாப்டர் தளர்ந்துபோய், ரூட்டர் தானாக அடிக்கடி எழுந்து விழுவதும் உண்டு; விளக்குகள் எரிந்து அணைந்து எரிந்தால் செட்டிங்கைத் தேடாமல் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட் ரூட்டரில் குறித்தபடியே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் குற்றமில்லை.

அறிகுறி: செல்போனில் மட்டும் திறக்கவில்லை, அல்லது பெயரை அடித்தால் திறக்கவில்லை

இணையம் இல்லாத வைஃபையில் இணைந்த செல்போன், சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள், வி.பி.என். இருந்தால் அதையும் அணையுங்கள். நிறுவனங்கள் ஒட்டுத்தாளில் அச்சிடும் இணையப் பெயர்கள், நம் கோரிக்கை அந்த ரூட்டரின் பெயர்ச் சேவை வழியாகப் போகும்போதுதான் வேலை செய்யும். பிரிட்ஜாக மாறியபின் பெயர்ச் சேவை முதன்மை ரூட்டரிடம் போய்விடுவதால் எண் முகவரியைத்தான் அடிக்க வேண்டும். உலாவி தானாகவே பாதுகாப்பு இணைப்பை முன்னால் சேர்த்துக்கொண்டாலும் பழைய ரூட்டர்கள் பதில் தரா.

அறிகுறி: பிரிட்ஜின் பக்கம் திறக்கிறது, பின்னாலுள்ள கேமரா மட்டும் வரவில்லை

முதன்மை ரூட்டரில் மேக் வடிகட்டலோ, ஐ.பி., மேக் பிணைப்போ (இந்த ஐ.பி. முகவரி இந்த மேக் முகவரிக்கு மட்டுமே என்று கட்டிவைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்னபடி கேமராவின் தரவு பிரிட்ஜின் மேக் முகவரியோடு வருவதால், கேமராவின் மேக் முகவரியை எதிர்பார்க்கும் பிணைப்பு அதைத் தள்ளிவிடும். அந்தப் பிணைப்பை நீக்கிவிட்டு, கேமராவுக்குள்ளேயே நிலையான முகவரி கொடுப்பது நல்லது.

எதுவும் பொருந்தவில்லை, அல்லது கடவுச்சொல் மறந்துவிட்டது

இப்போதுதான் ரீசெட். முதன்மை வைஃபையின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை ஆகியவற்றை எழுதிக்கொண்டு தொடங்குங்கள். பழைய ரூட்டர் டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறை வரை மட்டுமே அறிந்ததாக இருந்து, புதுப் பெட்டி டபிள்யூ.பி.ஏ.3 மட்டுமே ஏற்பதாக அமைந்திருந்தால் எத்தனை ரீசெட் செய்தாலும் இரண்டும் சேரா. முதன்மைப் பெட்டியில் இரண்டையும் ஏற்கும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின்சாரம் இருக்கும்போதே பொத்தானைப் பத்து நொடி அளவுக்கு, விளக்குகள் எல்லாம் ஒருசேர மாறும்வரை அழுத்திப் பிடியுங்கள். ரீசெட் ஆன ரூட்டர் பிரிட்ஜ் அன்று. அது தானே முகவரி வழங்கும் முழு ரூட்டர். அதை அப்படியே பிற கேபிள்களோடு வைத்தால், சாளையிலுள்ள சாதனங்கள் எல்லாம் அதனிடமே முகவரி வாங்கிக்கொண்டு நெட்டை இழந்து நிற்கும். எனவே அதிலிருந்த கேபிள்களை எல்லாம் கழற்றிவிட்டு, மடிக்கணினியை மட்டும் இணைத்து, முதலில் லேன் முகவரியை மாற்றுங்கள், அடுத்துப் பிரிட்ஜ் நிலையைத் தேர்ந்து முதன்மை வைஃபையோடு சேருங்கள், டி.எச்.சி.பி. அணைந்திருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். டி.எச்.சி.பி.யை முதலிலேயே அணைத்தால் நடுவழியில் கணினி முகவரியை இழந்துவிடும் என்பதால்தான் இந்த வரிசை. நெட் வந்ததை உறுதிசெய்தபின் அமைப்புகளின் காப்புக் கோப்பை ரூட்டரின் பக்கத்திலிருந்து இறக்கிச் சேமியுங்கள். கொடுத்த முகவரியையும் சப்நெட் மாஸ்க்கையும் நுழைவாயிலையும் ஒரு தாளில் எழுதி ரூட்டரின் மேல்பக்கமே ஒட்டிவிட்டு, கழற்றிய கேபிள்களைத் திரும்ப மாட்டுங்கள்.